இரண்டரை மணி நேரக் கூலி

அமெரிக்காவின் 75-ஆம் எண் நெடுஞ்சாலை மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லையில் தொடங்குகிறது. ஆறு மாநிலங்களைக் கடந்து புளோரிடாவில் மயாமிக்கு அருகே முடிகிறது. அமெரிக்கக் கார்த் தொழில் வடக்கிலிருந்து தெற்கே நகர்ந்தது பெரும்பாலும் இந்தச் சாலையை ஒட்டித்தான். வடக்கே ஃபிளின்ட், டெட்ராய்ட். தெற்கே டென்னசி மாநிலத்தின் சாட்டனூகா. ஒரு முனையில் தொழிற்சங்கம் போராடி வேரூன்றிய ஆலைகள். மறுமுனையில், எங்கள் மாநிலத்தில் சங்கத் தொல்லை கிடையாது என்று சொல்லியே தொழிலை வரவழைத்த அரசுகள். இரண்டுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 2024 இலையுதிர்காலத் தொடக்கத்தில் அந்தத் தொலைவைக் காரில் கடந்தேன்.

சித்தப்பா மகன் நோவை என்னும் ஊரில் இருக்கிறான். டெட்ராய்டை ஒட்டிய நோவை, கேன்டன், டிராய் போன்ற ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பெரும்பாலோர் கார்த் தொழிலையோ மென்பொருளையோ நம்பி வந்தவர்கள். தம்பி உதிரிபாக நிறுவனம் ஒன்றில் பொறியாளர். மாதச் சம்பளக்காரன் என்பதால் அவனுக்குச் சங்கம் கிடையாது. நான் வந்த நோக்கத்தைச் சொன்னதும், "அண்ணா, சங்கம் இல்லாமயே நான் நல்லாத்தான் இருக்கேன். இவங்க ஏன் சட்டத்த வெச்சு இப்படி அடிச்சுக்கிறாங்கன்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல" என்றான். வண்டியை அவனே ஓட்டுவதாகச் சொல்லி லீவு போட்டான்.

அடித்துக்கொள்வதற்குக் காரணமான சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு 'வேலை உரிமைச் சட்டம்' என்று பெயர். வேலைக்கு உத்தரவாதம் தரும் சட்டம் என்று நம்மவர்கள் எண்ணிவிடக் கூடாது. நூறுநாள் வேலைத் திட்டம் போன்றது அன்று அது. அமெரிக்காவில் ஓர் ஆலையில் பெரும்பான்மைத் தொழிலாளர்கள் வாக்களித்து ஒரு சங்கத்தைத் தேர்ந்தெடுத்தால், நிர்வாகத்தோடு பேச அந்த ஒரு சங்கத்துக்கு மட்டுமே அதிகாரம். அதற்கு ஈடாக, உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர் என்ற வேறுபாடு பாராமல் அத்தனை பேருக்காகவும் அது பேசியாக வேண்டும். ஒருவரை வேலைநீக்கம் செய்தால், சந்தா கட்டாதவர் என்பதற்காக அவரைக் கைவிட முடியாது. இது நாடு முழுவதற்குமான சட்டக் கடமை. எல்லோருக்கும் வேலை செய்வதால் எல்லோரும் செலவில் பங்கு தரவேண்டும் என்று சங்கமும் நிர்வாகமும் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். அப்படி எழுதக் கூடாது என்று தடுப்பதுதான் வேலை உரிமைச் சட்டம். இன்று 26 மாநிலங்களில் அது இருக்கிறது.

முதலில் டியர்போர்ன் போனோம். ரூஜ் ஆற்றங்கரையில் ஃபோர்டு நிறுவனத்தின் பெரும் வளாகம். இரும்புத் தாது ஒரு பக்கம் உள்ளே போய், மறுபக்கம் காராக வெளியே வரும்படி ஹென்றி ஃபோர்டு கட்டிய இடம். ஒரு காலத்தில் லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். இப்போது எஃப்-150 வகைச் சரக்கு வண்டிகள் தயாராகின்றன. பார்வையாளர்களுக்காக உயரத்தில் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். கீழே ஓர் இளம்பெண் வண்டியின் முகப்புக்குள் பாதி உடம்பை நுழைத்து எதையோ முடுக்கிவிட்டு வெளியே வந்தார். அடுத்த வண்டி அதற்குள் வந்துவிட்டது. மறுபடி குனிந்தார். நான் நின்ற நேரம் முழுவதும் அவருக்கு நிமிர்ந்து நிற்க நேரமில்லை. இடுப்பில் கை வைத்து ஒரு கணம் நின்றால் வரிசை நிற்கும். இந்த வேகத்தை யார் முடிவு செய்வது என்பதுதான் இந்த நகரத்தின் நூறாண்டுச் சண்டை.

வளாகத்தின் ஒரு வாயில் மில்லர் சாலையில் இருக்கிறது. 1937 மே 26 அன்று அங்கிருந்த மேம்பாலத்தில் துண்டறிக்கை கொடுக்க வந்த வால்டர் ராய்தரையும் ரிச்சர்ட் ஃபிராங்கன்ஸ்டீனையும் ஃபோர்டின் அடியாள் படை அடித்துப் படிக்கட்டில் உருட்டியது. துண்டறிக்கை வைத்திருந்த பெண்களையும் விடவில்லை. டெட்ராய்ட் நியூஸ் பத்திரிகையின் புகைப்படக்காரர் ஜேம்ஸ் கில்பாட்ரிக், படமெடுத்த தகடுகளைக் கார் இருக்கைக்கு அடியில் ஒளித்துவிட்டு வெற்றுத் தகடுகளை அடியாட்களிடம் நீட்டினார். மறுநாள் நாடே அந்தப் படங்களைப் பார்த்தது. ஆனாலும் ஃபோர்டு நான்கு ஆண்டுகள் இறங்கி வரவில்லை. 1941-இல் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஒப்பந்தம் போட்டபோது, மற்ற நிறுவனங்கள் தராததையும் தந்தது: எல்லோரும் சங்கத்தில் சேரவேண்டும், சந்தாவை நிறுவனமே சம்பளத்தில் பிடித்துத் தரும். அன்று எழுதிய அந்த ஷரத்தை எதிர்த்துத்தான் இன்றுவரை வழக்குகளும் சட்டங்களும்.

பிடிக்கும் தொகை எவ்வளவு? யு.ஏ.டபிள்யூ. என்று எல்லோரும் அழைக்கும் மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தில், மணிக்கூலிக்காரர்களுக்கு மாதம் இரண்டரை மணி நேரக் கூலி. மணிக்கு 40 டாலர் வாங்குபவர் மாதம் 100 டாலர் கட்டுவார். இந்தத் தொகையில்தான் ஒப்பந்தம் பேசுபவர்களின் சம்பளம், வழக்கறிஞர் செலவு, வேலைநிறுத்த நிதி எல்லாம். 2023-இல் டெட்ராய்டின் மூன்று பெரிய கார் நிறுவனங்களையும் ஒரே நேரத்தில் எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கியபோது சங்கத்தின் கையில் 80 கோடி டாலருக்கு மேல் நிதி இருந்தது. வெளியே நின்றவர்களுக்கு வாரம் 500 டாலர் கொடுக்க முடிந்தது. ஆறு வாரப் போராட்டத்தின் முடிவில் நான்கரை ஆண்டுகளில் 25 சதவீத ஊதிய உயர்வு கிடைத்தது. நிதி இல்லாவிட்டால் ஆறு வாரம் யாரால் அடுப்பெரிக்க முடியும்?

டெட்ராய்டிலிருந்து ஃபிளின்ட் ஒரு மணி நேரம். ஊருக்குள் ஃபிளின்ட் ஆற்றின் இரு கரையிலும் செவர்லே ஆலைகள் இருந்த பள்ளம் இன்று பூங்கா. பழைய கான்கிரீட் தளத்தின் மேல் மண் கொட்டிப் புல் வளர்த்திருக்கிறார்கள். சில இடங்களில் தளம் அப்படியே தெரிகிறது. அதன் விரிசலில் முளைத்த செடிகளுக்கு நடுவே ஒருவர் நாயோடு நடந்துபோனார். 1970களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்த ஊரில் ஏறத்தாழ 80,000 பேருக்கு வேலை கொடுத்தது. இப்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருந்தால் அதிகம்.

அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற உள்ளிருப்பு வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. 1936 டிசம்பர் 30 அன்று பிஷர் பாடி ஆலைகளில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறாமல் உள்ளேயே உட்கார்ந்தார்கள். வெளியே போனால் நிர்வாகம் கருங்காலிகளை வைத்து ஆலையை ஓட்டிவிடும். உள்ளே இருந்தால் இயந்திரங்கள் இவர்கள் கையில். ஜனவரி 11 அன்று கடுங்குளிரில் நிர்வாகம் வெப்பமூட்டியை நிறுத்தியது, சாப்பாட்டையும் மறித்தது. போலீஸ் கண்ணீர்ப் புகைக் குண்டு வீசியது. தொழிலாளர்கள் கார்க் கதவின் கீல்களை வீசினார்கள், தீயணைப்புக் குழாயால் பனிநீரைப் பீய்ச்சினார்கள். போலீஸ் சுட்டதில் பதினான்கு பேருக்குக் காயம். ஆனாலும் பின்வாங்கியது போலீஸ்தான். ஆலையைக் காலி செய்யச் சொல்லித் தடையாணை பிறப்பித்த நீதிபதியிடம் ஜெனரல் மோட்டார்ஸ் பங்குகள் இருந்தது தெரியவந்து ஊர் சிரித்தது.

நான் நின்ற பள்ளத்தில்தான் செவர்லே நான்காம் ஆலை இருந்தது. பிப்ரவரி 1 அன்று ஒன்பதாம் ஆலையைப் பிடிப்பதாகப் போக்குக் காட்டி, காவலர்கள் அங்கே குவிந்த நேரத்தில் இந்த ஆலையைப் பிடித்தார்கள். ஒன்பதாம் ஆலையில் புகைக்குண்டு வீசியபோது உள்ளே இருந்தவர்கள் மூச்சுவிட ஜன்னல் கண்ணாடிகளை அடித்து நொறுக்கியவர்கள் ஜெனோரா ஜான்சன் என்னும் 23 வயதுப் பெண் திரட்டிய பெண்கள் படையினர். தலையில் சிவப்புத் தொப்பி, கையில் தடி. ஆளுநர் ஃபிராங்க் மர்ஃபி தேசியக் காவல் படையை அனுப்பினார். ஆனால் தொழிலாளர்களை வெளியேற்ற அதைப் பயன்படுத்த மறுத்தார். 44-ஆம் நாளான பிப்ரவரி 11 அன்று உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று சங்கத்தோடு கையெழுத்திட்டது. ஓராண்டுக்குள் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை ஐந்து லட்சத்தை எட்டியது.

அந்த ஒப்பந்தம், சங்கத்தை அதன் உறுப்பினர்களுக்காக மட்டும் பேசும் அமைப்பாகவே ஏற்றது. சந்தாவைப் பிடித்துத் தரும் ஏற்பாடும் அப்போது இல்லை. சங்கத்தார் ஆளாளாகப் போய் வசூலித்தார்கள். வசூல் குறைந்தால் ஆலை வாயிலில் வரிசையாக நின்று சந்தா அட்டையைக் கேட்பார்கள். கட்டாதவரை உள்ளே விடாமல் மறித்ததும் உண்டு. இதைக் கேட்டதும் தம்பி, "அப்ப கட்டாயப்படுத்துறாங்கன்னு சொல்றதும் உண்மைதானே, அண்ணா?" என்றான். உண்மைதான். அந்த மறியலில் சிக்கிய ஒரு தொழிலாளிக்குச் சங்கமும் இன்னொரு அதிகாரியாகவே தெரிந்திருக்கும். அந்த மனக்குறையை ஒதுக்கிவிட்டு இந்த விவாதத்தைப் பேசுவது நேர்மையாகாது.

சட்டமும் அதைக் கவனிக்காமல் இல்லை. சங்கத்தில் சேர்ந்தால்தான் வேலை என்ற ஏற்பாட்டை 1947-லேயே டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் தடை செய்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின்படி, தனியார் ஆலையில் யாரையும் முழு உறுப்பினராகும்படி கட்டாயப்படுத்த முடியாது. 1988-இல் வந்த தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. உறுப்பினர் அல்லாதவர் ஆட்சேபித்தால், ஒப்பந்தம் பேசவும் முறையீடுகளை நடத்தவும் ஆகும் செலவில் மட்டும் பங்கு வாங்கலாம். சங்கத்தின் அரசியல் செலவுக்கு அவர் காசைத் தொடக் கூடாது. எனவே வேலை உரிமைச் சட்டம் ஒருவரைச் சங்கத்திலிருந்து விடுவிக்கவில்லை. அவர் ஏற்கெனவே விடுபட்டவர். அவருக்காகச் செய்யும் வேலைக்கு ஆகும் செலவிலிருந்தும் அது அவரை விடுவிக்கிறது.

ஃபிளின்ட்டிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்தில் லான்சிங். மாநிலத் தலைநகர். வெள்ளைக் குவிமாடத்தோடு நிமிர்ந்து நிற்கும் சட்டமன்றக் கட்டடம். அதன் எதிரே உள்ள புல்வெளியில் 2012 டிசம்பர் 11 அன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பனிக்குளிரில் நின்றார்கள். சங்க இயக்கத்தின் பிறந்த வீடான மிச்சிகனிலேயே வேலை உரிமைச் சட்டம் அன்று நிறைவேறியது. அதே நாளில் ஆளுநர் ரிக் ஸ்னைடர் கையெழுத்திட்டார். அந்தச் சட்டம் தன் திட்டத்தில் இல்லை என்று அதுவரை சொல்லிவந்தவர் அவர். பக்கத்து இண்டியானா அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே அப்படியொரு சட்டம் போட்டுவிட்டது, ஆலைகள் அங்கே போய்விடும் என்ற அச்சம் ஒரு பக்கம். மறுபக்கம், கையெழுத்துக்கு முந்தைய மாதம் கூட்டுப் பேர உரிமையை மாநில அரசியலமைப்பிலேயே எழுதச் சங்கங்கள் கொண்டுவந்த தீர்மானத்தை மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்திருந்தார்கள். சங்கங்கள் பலவீனமாக இருந்த நேரம் பார்த்து அடி விழுந்தது.

சட்டத்தில் பத்து லட்சம் டாலர் நிதி ஒதுக்கீடு ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். மிச்சிகன் விதிப்படி நிதி ஒதுக்கும் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்பால் ரத்து செய்ய முடியாது. அந்தச் சட்டத்தை 2012-இல் மேலவையின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்து எதிர்த்தவர் கிரெட்சன் விட்மர். 2023 மார்ச் 24 அன்று அவரே ஆளுநராக இருந்து அதை ரத்து செய்யும் மசோதாவில் கையெழுத்திட்டார். 2024 பிப்ரவரியில் ரத்து நடைமுறைக்கு வந்தது. 1965-இல் இண்டியானா ரத்து செய்ததற்குப் பிறகு ஒரு மாநிலச் சட்டமன்றம் இப்படிச் செய்தது இதுவே முதல் முறை. ஆனால் ரத்து மசோதாவிலும் அதே பத்து லட்சம் டாலர் ஒதுக்கீடு இருந்தது. முதல் முறை மக்களைக் கேட்காமல் போட்டது தவறு என்றால், இரண்டாம் முறை மக்களைக் கேட்காமல் நீக்கியதும் தவறுதான். மிசௌரி மாநிலம் சரியான வழியைக் காட்டியிருந்தது. அங்கே 2018-இல் இதே சட்டம் மக்கள் வாக்கெடுப்புக்குப் போனது. மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் வேண்டாம் என்றார்கள். இத்தனைக்கும் அது, இத்தகைய சட்டங்களை ஆதரிக்கும் குடியரசுக் கட்சிக்குச் செல்வாக்குள்ள மாநிலம்.

மிச்சிகனில் அந்தச் சட்டம் இருந்த காலத்தில் என்ன நடந்தது? 2012-இல் தொழிலாளர்களில் 16.6 சதவீதம் சங்கத்தில் இருந்தார்கள். 2023-இல் 12.8 சதவீதம். எல்லாவற்றையும் சட்டத்தின் தலையில் கட்ட முடியாது. ஆலைகள் மூடியதும் இயந்திரங்கள் வந்ததும் சேர்ந்துதான் இந்த இறக்கம். ஆனால் சங்க அலுவலகத்தில் பேசிய ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் சொன்னது எண்களைவிட நன்றாகப் புரிந்தது. தன்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர் சந்தாவை நிறுத்திக்கொண்டாராம். சில மாதங்களில் அவர் மீதே ஒழுங்கு நடவடிக்கை வந்தது. அவருக்காக நிர்வாகத்தின் முன் உட்கார்ந்து வாதாடியவர் இவர்தான். "வேலை காப்பாற்றப்பட்டது. அதற்குப் பிறகும் அவர் கட்டவில்லை. நான் வருத்தப்பட்டது பணத்துக்காக இல்லை. மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்" என்றார்.

அங்கிருந்து தெற்கே. ஓஹாயோவுக்குள் நுழைந்ததும் டொலீடோ நகரில் சாலையோரம் ஜீப் ஆலை தெரிகிறது. 1934-இல் இந்த நகரின் ஆட்டோ லைட் ஆலை வேலைநிறுத்தத்தில் தேசியக் காவல் படை சுட்டு இருவர் இறந்தார்கள். ஓஹாயோவில் வேலை உரிமைச் சட்டம் இல்லை. சின்சினாட்டியில் ஓஹாயோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கென்டக்கி. 2017-இலிருந்து அங்கே அந்தச் சட்டம். பாலத்தின் இந்தப் பக்கம் ஓர் ஆலையில் செல்லும் ஒப்பந்த ஷரத்து, அந்தப் பக்கம் செல்லாது. ஜார்ஜ்டவுன் அருகே டொயோட்டா ஆலை வருகிறது. 1988-இலிருந்து ஓடும் அந்த ஆலையில் சங்கம் நுழைந்ததே இல்லை.

இந்தச் சட்டம் யார் மூளையில் உதித்தது என்று தம்பி கேட்டான். 1941-இல் டல்லாஸ் நகரப் பத்திரிகை ஒன்றின் தலையங்கம் இதற்காக அரசியலமைப்புத் திருத்தம் கேட்டது. அதைக் கையிலெடுத்துத் தென்மாநிலங்களில் பரப்பியவர் டெக்சஸ்காரர் வான்ஸ் மியூஸ். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே சங்கத்தில் சகோதரர்களாக இருக்க நேரும் என்று அச்சமூட்டியே அவர் ஆதரவு திரட்டினார். 1944-இல் ஆர்கன்சாவும் புளோரிடாவும் முதலில் ஏற்றன. 1947-இல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தின் 14(பி) பிரிவு, இதைப் போட்டுக்கொள்ள எல்லா மாநிலங்களுக்கும் வழி திறந்தது. அதிபர் ட்ரூமன் அதை நிராகரித்தும் நாடாளுமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. மார்ட்டின் லூதர் கிங் 1961-லேயே இந்தச் சட்டத்தை எதிர்த்து எச்சரித்தார். அவர் 1968-இல் டென்னசியின் மெம்ஃபிஸ் நகருக்குப் போனதும் துப்புரவுத் தொழிலாளர்களின் சங்க உரிமைக்காகத்தான். அங்கேதான் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று இந்தச் சட்டத்தை ஆதரிக்கும் எல்லோரும் மியூஸின் வாரிசுகள் என்று நான் சொல்ல மாட்டேன். தனிமனித உரிமை என்று மனதார நம்பி ஆதரிப்பவர்கள் ஏராளம். ஆனால் ஒரு சட்டம் யாரைப் பிரித்து வைக்கப் பிறந்தது என்பதை மறப்பதற்கில்லை.

டென்னசிக்குள் ராக்கி டாப் என்ற சிற்றூர். அக்காலத்தில் கோல் கிரீக். 1891-இல் சுரங்க முதலாளிகள் கூலித் தொழிலாளர்களுக்குப் பதிலாகச் சிறைக் கைதிகளை வாடகைக்கு எடுத்து இறக்கியபோது, சுரங்கத் தொழிலாளர்கள் துப்பாக்கியோடு போய்க் கைதிகளை விடுவித்து ரயிலேற்றி அனுப்பினார்கள். சில ஆண்டுகளில் கைதிகளை வாடகைக்கு விடும் முறையையே டென்னசி கைவிட்டது. தெற்கு என்றால் சங்கத்துக்கு ஆகாத மண் என்று சொல்பவர்கள் இந்த ஊரைக் கேட்கவேண்டும்.

சாட்டனூகாவில் வோக்ஸ்வாகன் ஆலைக்கு நெடுஞ்சாலையிலிருந்தே தனி வழி பிரிகிறது. போர்க்காலத்தில் வெடிமருந்து செய்த நிலத்தில் 2011-இல் தொடங்கிய ஆலை. அதைக் கொண்டுவர மாநிலமும் நகரமும் 50 கோடி டாலருக்கு மேல் சலுகை கொடுத்தன. மலிவான நிலம், நல்ல சாலை, டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் மின்சாரம் எல்லாம் இருந்தன. தொழில் தெற்கே வந்ததற்கு வேலை உரிமைச் சட்டம்தான் காரணம் என்று சொல்பவர்கள் இவற்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

டென்னசியில் 1947-இலிருந்து அந்தச் சட்டம் உண்டு. 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். அப்படிப்பட்ட மண்ணில் இந்த ஆலைத் தொழிலாளர்கள் 2014-இல் சங்கம் வேண்டுமா என்று வாக்களித்தார்கள்: எதிராக 712, ஆதரவாக 626. தோல்வி. 2019-இல் மறுபடி: 833-க்கு 776. மறுபடி தோல்வி. 2024 ஏப்ரலில் மூன்றாம் முறை. ஆறு தென்மாநில ஆளுநர்கள் சேர்ந்து எதிர்த்து அறிக்கை விட்டார்கள். முடிவு: ஆதரவாக 2,628, எதிராக 985.

ஆலைக்கு அருகே ஓர் உணவகத்தில், எதிர்த்து வாக்களித்த நடுத்தர வயதுக்காரர் ஒருவரிடம் பேசினேன். கோபமில்லாமல் பேசினார். யு.ஏ.டபிள்யூ.வின் முன்னாள் தலைவர்கள் இருவர் சங்கப் பணத்தைச் சொந்தச் சுகத்துக்குச் செலவழித்துச் சிறைக்குப் போனதைச் சொன்னார். உண்மை. கேரி ஜோன்ஸ், டென்னிஸ் வில்லியம்ஸ் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர்கள். "என் கூலியிலிருந்து எடுத்து அவர்கள் கோல்ஃப் விளையாட வேண்டுமா?" என்றார். இதற்குப் பதில் சொல்ல முடியாத சங்கத்துக்கு அவர் காசு கொடுக்கவேண்டியதில்லை என்றே எனக்கும் தோன்றியது.

பக்கத்து மேசையில் இருந்த பெண் தொழிலாளி பதில் வைத்திருந்தார். 2019-இல் தானும் எதிர்த்தே வாக்களித்ததாகச் சொன்னார். அந்த ஊழலுக்குப் பிறகு, தலைவரை உறுப்பினர்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. அப்படி வந்தவர்தான் 2023 வேலைநிறுத்தத்தை நடத்திய ஷான் ஃபெய்ன். அந்த வெற்றிக்குப் பின் சங்கமே இல்லாத தென்பகுதி ஆலைகளும் அவசரமாகக் கூலியை உயர்த்தின. வோக்ஸ்வாகனும் 11 சதவீதம் கூட்டியது. "வடக்கே அவர்கள் ஆறு வாரம் தெருவில் நின்றார்கள். எனக்குக் கூலி கூடியது. நான் ஒரு காசு கொடுக்கவில்லை. அது எனக்குச் சரியாகப் படவில்லை" என்றார். ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை சந்தா கிடையாது என்பது சங்க விதி. கையெழுத்தான பிறகும் டென்னசி சட்டப்படி கட்டாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. கட்டப்போவதாகச் சொன்னார்.

அந்த நாட்களில்தான் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 9 அன்று தொடங்கி ஒரு மாதத்துக்கும் மேல் நீண்டது. முதன்மைக் கோரிக்கை, சங்கத்தைப் பதிவு செய்யவேண்டும் என்பது. "ஊர்ல சந்தா பத்திக்கூட இல்ல, அண்ணா. சங்கம்னு பேரு வைக்கிறதுக்கே சண்ட" என்றான் தம்பி. சரியாகச் சொன்னான். நம் நாட்டில் யாரையும் சங்கத்தில் சேரும்படி சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை, ஒரே ஆலையில் பல சங்கங்கள் இருக்கலாம், விரும்பியவர் கட்டுவார். 1918-இல் பெரம்பூர் பி அண்டு சி ஆலைத் தொழிலாளர்களுக்காக வாடியாவும் திரு.வி.க.வும் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்திலிருந்து நம் வழி இதுதான். அதனால் நம் சங்கங்கள் எப்போதும் கைக்காசு இல்லாமல் கட்சிகளைச் சார்ந்தே நிற்கின்றன. சாம்சங் சங்கத்துக்குப் பதிவு 2025 ஜனவரியில் கிடைத்தது.

அந்தச் சாலையின் இரு முனைகளையும் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான். எல்லோருக்கும் உழைத்தே ஆகவேண்டும் என்று சங்கத்துக்கு ஆணையிட்டுவிட்டு, சேராதவர் எவரிடமும் கட்டாயமாகக் கூலி கேட்கக் கூடாது என்று தடுப்பது அநீதி. எந்த முதலாளியும் தன் பொருளை இந்த விதிப்படி விற்கச் சம்மதிக்க மாட்டார். இத்தகைய சட்டங்கள் போகவேண்டும். மிசௌரி போல மக்களைக் கேட்டே போகவேண்டும். அதே சமயம், நிறுவனம் பிடித்துத் தரும் சந்தாவை மட்டும் நம்பியிருந்த சங்கம் எப்படி அழுகியது என்பதை டெட்ராய்ட் காட்டிவிட்டது. சட்டம் எதிராக இருந்தும் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரைத் திரட்ட முடியும் என்பதைச் சாட்டனூகா காட்டியது.

உங்கள் ஆலையிலோ அலுவலகத்திலோ சங்கம் இருந்தால் சேருங்கள். சந்தாவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆண்டுக் கூட்டத்துக்குத் தவறாமல் போய், அந்தக் காசு எங்கே போனது என்று எழுந்து நின்று கேளுங்கள்.